தெருப் பக்கம், கிணற்றுப் பக்கம்

ஒரு மனுஷியை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி இறக்குவதற்கு நான்கு பேர் தாராளம் என்று கணக்குச் சொன்னவன் நான்தான். அந்த நான்கு பேரில் ஒருவன் நானாக இருப்பேன் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

மலையாளம் பேசும் ஊரில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், ஆட்டோக்காரர்கள் முனகிக்கொண்டே நுழையும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கட்டடம். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். ஒரு பக்கம் தெரு. மறு பக்கம், கட்டடம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே இருந்த ஒரு கிணறு. மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பது ஏறினால் ஒரு திருப்பம், திரும்பினால் இன்னும் ஒன்பது. பதினாறு வருஷம் குடியிருந்தும் இந்த எண்ணிக்கை எனக்குத் தெரியாது. லிஃப்ட் இருக்கும் வீட்டில் படியை யார் எண்ணுவார்கள்?

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை லிஃப்ட்டின் மோட்டார் எரிந்தது. வந்து பார்த்த மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு, புதியது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனான். எங்களுக்கெல்லாம் அது மூச்சு வாங்கும் விஷயம். மூன்றாவது மாடியில் தனியாக இருந்த மாமிக்கு மட்டும் அது வேறு விஷயம்.

மாமி இதே ஊரில், கோட்டைக்குள் இருக்கும் ஒரு தெருவில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுத்தாக வேண்டும். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். படி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறை முட்டாள்தனமாகக் கேட்டபோது, "ஒரு நாள் விட்டா மூச்சு முட்டும். ரெண்டு நாள் விட்டா உங்களுக்கெல்லாம் ஒரு லீவு கெடைக்கும்" என்றார்.

கட்டடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மாமியின் நிலைமையை யாரோ அதில் எழுதியதும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் கவலை தெரிவித்தார். இன்னொருவர் அந்தக் கவலையை ஆமோதித்தார். நான் ஓய்வு பெற்ற ஆபீஸ் சூப்பிரண்டு. அறிக்கை எழுதாமல் இருக்க முடியுமா? 'நாம் அனைவரும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டிய தருணம் இது' என்று தொடங்கி நீளமாக ஒன்று போட்டேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "ஒருங்கிணைஞ்சு யாரு தூக்குவா?" என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழுவை விட்டுவிட்டுக் கீழே இறங்கி ஆள் தேடினேன். படிக்கு அடியில் மேஜை போட்டுத் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் கிடைத்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்காரர் கிடைத்தார். மலையாளி, பட்டாளத்தில் இருந்தவர், அறுபதைத் தாண்டியும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். நான்காவது ஆள் தானாகவே வந்தாள். இரண்டாவது மாடிப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்லூரியில் வாலிபால் ஆடியவள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். "அங்கிள், உங்களுக்கு ஆள் வேணுமா, இல்ல நானும் குரூப்ல மெசேஜ் போடணுமா?" என்று கேட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டாள்.

நாற்காலி என் வீட்டுடையது. கை வைத்த தேக்கு நாற்காலி. அதை வெளியே எடுக்கும்போது மனைவி, "உங்க முதுகு புடிச்சுக்கிட்டா இதே நாற்காலில உங்கள யாரு தூக்குவா?" என்றாள். அன்று இரவு அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை. தலைமை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நான் எடுத்துக்கொண்டேன். நானும் இஸ்திரிக்காரரும் கீழ்ப்பக்கம், நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தோம். செக்யூரிட்டிக்காரரும் அந்தப் பெண்ணும் மேலே, முதுகுப் பலகையைப் பிடித்தார்கள். மாமி வெளியே போகிற புடவை கட்டி, மடியில் பையை வைத்துக்கொண்டு, சினிமாவுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் பயப்படுவாரே என்று, "கண்ணை மூடிக்கோங்க மாமி, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். நல்ல பழக்கமுள்ளவர், மூடிக்கொண்டார்.

முதல் ஒன்பது படியை நாங்கள் நான்கு பேரும் நான்கு வெவ்வேறு நேரத்தில் இறங்கினோம். நானும் இஸ்திரிக்காரரும் கட்டை. மேலே நின்ற இரண்டு பேரும் நெட்டை. அதனால் நாற்காலி முன்பக்கமாகச் சரிந்து, மாமி சறுக்குமரத்தில் உட்கார்ந்த மாதிரி என் நெஞ்சை நோக்கி வந்துகொண்டிருந்தார். திருப்பம் வந்ததும் நான் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினேன். என் முகம் மேலே பார்த்தது. மேலே இருந்தவர்களின் முகம் கீழே பார்த்தது. என் லெஃப்ட் அவர்களுக்கு ரைட். இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஒரு பக்கம் இழுக்க, அவர்கள் மறு பக்கம் இழுக்க, நாற்காலி முறுக்கிக்கொண்டு மாமியின் இடது முழங்கை இரும்புக் கம்பியில் போய் இடித்தது.

அந்த இடது கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் மெஷினின் ஊசி போடுவதற்காக டாக்டர்கள் அந்தக் கையில் இரண்டு இரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். அதை யாரும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அடிபடக் கூடாது. மேலே விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். அது நின்றால் கை போயிற்று. கை போனால் மெஷின் போயிற்று.

மாமி கண்ணைத் திறந்தார். "எல்லாரும் அப்படியே நில்லுங்கோ" என்றார். வலது கையின் இரண்டு விரலை இடது கையில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். நாங்கள் நாற்காலியை அந்தரத்தில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

"ஓடறது" என்றார் மாமி. "மெதுவா போகலாம்."

எப்படியோ இறக்கினோம். மத்தியானம் எப்படியோ ஏற்றினோம். அதைப் பற்றி எழுதாமல் விடுவது எல்லோருக்கும் மரியாதை.

சாயங்காலம் கை எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். கை நன்றாக இருந்தது. ஆனால் மாமி தஞ்சாவூரில் இருக்கும் தம்பிக்கு போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் காரோடு வந்து, மறுநாள் அழைத்துப் போகிறார். அங்கே ஆஸ்பத்திரிக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. இந்த வீட்டைப் பூட்டிவிடுவதாக இருந்தது. பிறந்த ஊரை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கப் பிடிக்காதவர் என்று கட்டடம் முழுக்கத் தெரியும். தம்பி வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தானே என்றேன்.

"ரொம்ப நல்லவா. தம்பி ஆம்படையா என்னைக் கையில தாங்குவா. நல்லவாளோட இருக்கறதுதான் கஷ்டம், கேட்டேளா. சண்டைகூட போட முடியாது." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குப் போகணும்னு இல்லை. ஆனா உங்க நாலு பேரையும் கொன்னுட்டு நான் மட்டும் உசிரோட இருந்து என்ன பண்றது" என்றார்.

கீழே இறங்கும்போது ஐம்பத்து நான்கு படியையும் எண்ணினேன். ஒரு மனுஷி தன் வீட்டை விட்டுப் போகப்போவதற்குக் காரணம் லிஃப்ட் இல்லை, என்னுடைய லெஃப்ட் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புதன்கிழமை எங்களைக் கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருந்தார் மாமி. போனால், ஹாலின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நம்மை மன்னித்துவிட்டார் போல என்று நினைத்தேன். அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். கீழே பிடிக்கிறவர்கள் இறங்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்? அவரை. படி தெரிகிறதா? பின்னால் நடக்கிறோம், எப்படித் தெரியும்? மேலே பிடிக்கிறவர்களுக்கு? அவர் தலைதான் தெரியும். அப்படியென்றால் படியைப் பார்க்கிற ஒரே ஆள் யார்?

நான்கு பேரும் அவரைப் பார்த்தோம்.

"அந்த ஒரு ஆளைத்தான் சூப்பிரண்டு சார் கண்ணை மூடிக்கச் சொன்னார்" என்றார் மாமி.

செக்யூரிட்டிக்காரர் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவினார். இஸ்திரிக்காரர் மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. முதலில் உயரம் பார்த்து எங்களை மாற்றி நிறுத்தினார்: நெட்டையர் இருவரும் கீழே, கட்டையர் இருவரும் மேலே. தூக்கச் சொன்னார், நாற்காலி சரியாமல் நின்றது. இவ்வளவுதானா என்று இருந்தது. அடுத்து, இடது வலது என்ற வார்த்தைகளைத் தடை செய்தார். ஒருவருக்கொருவர் எதிராக நிற்கும் நான்கு பேருக்கு அவை உதவாது என்றார். அதற்குப் பதில், தெரு, கிணறு. எந்தத் திசை பார்த்து நின்றாலும் தெரு தெருவில்தான் இருக்கிறது, கிணறு கிணற்றில்தான் இருக்கிறது. திருப்பத்தில் நாற்காலியின் பின்பக்கம் எங்கே போக வேண்டும் என்றால், 'கிணத்துப் பக்கம்'. தீர்ந்தது.

அது தவிர மூன்றே வார்த்தை. 'படி' என்றால் ஒரு படி. 'தளம்' என்றால் சமதரை வந்துவிட்டது, கால் நிமிரலாம். 'நில்' என்றால் நில். நில் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, நின்ற பிறகுதான் கேட்க வேண்டும். மற்ற வார்த்தைகளை அவர் மட்டுமே சொல்வார். நான் ஒரு சின்ன யோசனை சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒரு லைன்ல ஒருத்தர்தான் பேசலாம், சார்" என்றார் மாமி. "ரெண்டு பேர் பேசினா க்ராஸ் டாக்."

வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு பேரைச் சேர்த்துவைத்த மனுஷி. அவருக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் அவர். நாங்கள் நாற்காலியைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களுக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது சரி. ஏறும்போதும் அவர் முகம் கீழ்நோக்கித்தான் இருக்கும். ஏறிவிட்ட படிகள்தான் கண்ணுக்குத் தெரியும், வரப்போகிறவை தெரியாது. போனதை எண்ணி வரப்போவதைச் சொன்னார். இரண்டாவது மாடிக்குப் போகும் வழியில் ஏழாவது படி மற்றவற்றைவிட ஒரு விரல்கடை உயரம். கொத்தனார் என்ன நினைப்பில் இருந்தாரோ. பதினாறு வருஷத்தில் நான் அதில் மூன்று முறை தடுக்கியிருக்கிறேன். படி சரியில்லை என்று தோன்றவே இல்லை, செருப்பு சரியில்லை என்றுதான் மாற்றினேன். மாமி ஒரே நாளில் கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் 'படி' என்பதை இழுத்துச் சொன்னார்.

நில் என்ற உரிமையை அதிகம் பயன்படுத்தியவன் நான். கை வழுக்கியது, முதுகு பிடித்தது, எல்லாம் நியாயம்தான். வெள்ளிக்கிழமை மூக்கு அரித்தது. நின்ற பிறகு காரணத்தைச் சொன்னேன். "சொறிஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் இஸ்திரிக்காரர். "அம்மாவுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல." அன்றைக்கு அவருடைய பத்து வார்த்தையில் பாதிக்கு மேல் எனக்கே செலவாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை ஒன்றைக் கவனித்தேன். மாமி 'படி' என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது படியும் முடிந்து 'தளம்' என்று கேட்டபோதுதான் நடுவில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. என் கையில் இருந்த மரம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கீழே அந்தப் பெண் முழங்காலை மடக்கினால் அது நாற்காலிக் கால் வழியாக ஏறி, பலகை வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. நான் மூச்சை இழுப்பது இஸ்திரிக்காரருக்குப் போயிருக்க வேண்டும். என் அலுவலகத்தில் நாற்பது பேர் ஒரே கூரையின் கீழ் இருந்து, சுற்றறிக்கை அனுப்பி, நினைவூட்டல் அனுப்பியும், ஒரு ஃபைலை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஒரே நேரத்தில் நகர்த்தியதில்லை.

அதே வாரம் எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பெண் "ஒரு நிமிஷம்" என்று நாற்காலியை வைக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பார்ப்பாள். இரண்டு மூன்று நாள் பொறுத்தேன். புதன்கிழமை மாமியை வீட்டில் விட்ட பிறகு படியில் அவளைத் தனியாகப் பிடித்து, போனை மேலே போய்ப் பார்க்கலாமே அம்மா, உங்கள் தலைமுறைக்கு ஐந்து நிமிஷம்கூட அது இல்லாமல் முடியாதா என்று ஆரம்பித்தேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அணைந்து கிடந்தது.

"காலைலயே ஆஃப் பண்ணிட்டேன் அங்கிள். செக்யூரிட்டி சேட்டனுக்கு முட்டு வலி. அவர் நில்னு சொல்ல மாட்டார்."

பட்டாளத்தில் இருந்தவர், எப்படிச் சொல்வார்? நான் கீழே போய் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்போதும் போன்தான் என்று சும்மா ஒரு கொக்கி போட்டேன். அவர் கேட்டைப் பார்த்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கொச்சு போன் நோக்கட்டே, சாரே. அது நோக்கறது நமக்கும் நல்லதாணு."

பிள்ளை போனைப் பார்க்கட்டும், அது நமக்கும் நல்லதுதான் என்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கலாம். மாமிக்கு நிச்சயம் தெரியும். அவள் போனை எடுக்கும்போதெல்லாம் பையில் எதையோ தேட ஆரம்பிப்பார். இஸ்திரிக்காரர் அந்த நேரத்தில்தான் துண்டை உதறிப் போடுவார். நான்கு பேர் சேர்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழங்காலுக்கு அரை நிமிஷம் ஓய்வு சேகரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் அறிவுரை தயார் செய்துகொண்டிருந்தான்.

இத்தனை இருந்தும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் மோட்டார் எப்போது வரும் என்று மெக்கானிக்குக்கே தெரியவில்லை. தம்பி வருவதை மாமி ரத்து செய்யவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால், போகாதீர்கள் என்று சொல்வது போலாகும். அப்படிச் சொன்னால் எத்தனை நாளைக்கு என்று ஒரு கேள்வி வரும். புதன்கிழமை சாயங்காலம் இஸ்திரிக்காரர் நாற்காலியின் முதுகுப் பலகையில் கை பிடிக்கும் இடத்துக்குப் பழைய போர்வைத் துணியைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓரிரு தரம் தூக்கப்போகிற நாற்காலிக்கு அவ்வளவு நெருக்கமான தையல் எதற்கு என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இறக்கியது எங்களுடைய மிகச் சிறந்த இறக்கம். கீழே வந்ததும் மாமி ஒவ்வொருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தம்பி வந்துவிட்டார். அமைதியான மனிதர், அக்காவைப் போலவே நீள முகம். அக்கா போனில் சொல்லியிருந்தபடி அவருடைய துணிமணியையும் மருந்துகளையும் பெட்டியில் அடுக்கி வைத்தார்.

மத்தியானம் மாமி வரத் தாமதமாயிற்று. மெஷினில் இருக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். ஒரு மணி நேரம் படுக்க வைத்து, இரண்டு முறை பார்த்துவிட்டு அனுப்பினார்கள். உடன் போயிருந்த என் மனைவி அவரை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது முகம் துவைத்த துணி மாதிரி இருந்தது. கண் மூடியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் துணியைக் கட்டி, இடது கையை மடியில் பத்திரமாக வைத்தோம். மாமி என்று கூப்பிட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தம்பி படியில் இறங்கி வந்து பார்த்துப் பயந்துவிட்டார். இந்த நிலைமையில் தூக்க வேண்டாம், பக்கத்தில் எங்கேயாவது கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுத்து ராத்திரி தங்கவைத்து, காலையில் நேரே காரில் போய்விடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதையே இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன். மாமி கண்ணைத் திறக்காமல் வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். மேலே.

நாங்கள் நான்கு பேரும் அவரவர் இடத்தில் குனிந்தோம். குனிந்த பிறகுதான் தெரிந்தது, லைனில் ஆள் இல்லை. எண்ணுவதற்கு யாரும் இல்லை. பார்ப்பதற்கு யாரும் இல்லை. நானும் இஸ்திரிக்காரரும் பின்பக்கமாக ஏற வேண்டும். கீழே இருவருக்கும் மாமியின் உருவம்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் எனக்குள் எழுந்து நின்றது. "சரி, நான் சொல்றேன், எல்லாரும்..." என்று தொடங்கினேன்.

"அங்கிள்," என்றாள் அந்தப் பெண், கோபமே இல்லாமல். "மிண்டாம, பேசாம இருங்க. மாமிக்குக் கேக்கணும்."

என்ன கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இஸ்திரிக்காரர் "ம்" என்றார். நாற்காலி எழுந்தது.

அந்த ஐம்பத்து நான்கு படியை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் விஷயம். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்கு பேர் மூச்சு விட்டார்கள். சில படிக்குப் பிறகு அது ஒரே மூச்சாக இருந்தது. ஒன்பது முடிந்ததும் நான்கு முழங்காலும் நிமிர்ந்தன. திருப்பத்தில் நாற்காலியின் பின்பக்கம் தானாகக் கிணற்றை நோக்கிப் போயிற்று. முதல் மாடியில் வைத்தோம். அந்தப் பெண் போனை எடுக்கவில்லை, கை காலியாக இல்லாததுபோல மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு சரியாக அரை நிமிஷம் நின்றாள். மறுபடி தூக்கினோம். அந்த உயரமான ஏழாவது படி. என் குதிகால் அதைத் தேடவில்லை. ஒரு விரல்கடை கூடுதலாகத் தூக்கினேன், அதே நொடியில் மற்ற மூன்று கையும் தூக்கின, மாமியின் மடியில் இருந்த இடது கை அசையவே இல்லை. என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கோயிலில் நடை திறக்கும்போது மற்றவர்களுக்கு வரும், எனக்கு வராதே என்று வெட்கப்பட்டிருக்கிறேன், அது.

எங்களுக்கு மேலே நான்கைந்து படி தள்ளி, பின்பக்கமாகவே ஏறிக்கொண்டு, தம்பி பார்த்துக்கொண்டே வந்தார். உதவ நீட்டிய கையை எங்கேயோ நடுவில் மடக்கிக்கொண்டிருந்தார்.

மாமியின் ஹாலில் நாற்காலியை வைத்தோம். மின்விசிறியைப் போட்டாள் அந்தப் பெண். தம்பி ஒரு சின்ன டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தார். செக்யூரிட்டிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். வாசல் ஓரத்தில் இரண்டு பெட்டி இருந்தது. நீலம் தம்பியுடையது. பழுப்பு மாமியுடையது.

வெகு நேரம் கழித்து மாமி கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவது மாடி திரும்பறச்சே தெருப் பக்கம் ஒரு சாய்வு இருந்தது" என்றார். குரல் நூல் மாதிரி இருந்தது. "மத்ததெல்லாம் சரி."

வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். அந்தச் சாய்வு என்னுடையது.

தம்பி பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, பெட்டி தயாராக இருக்கிறது, காலையில் உடம்பு தேறினதும் கிளம்பலாம் என்றார். மாமி பழுப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அதைப் பிரிச்சு வெச்சுடுடா."

"அக்கா," என்றார் தம்பி. கோபிக்கவில்லை. "இவா எத்தனை நாள் தூக்குவா?"

நாங்கள் யாரும் கேட்கத் துணியாத கேள்வி கடைசியில் வந்துவிட்டது. எனக்கு ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அண்டை அயல், மனிதநேயம், எல்லாம். வாயைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த செக்யூரிட்டிக்காரர் நிமிர்ந்து, முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மே," என்றார். "திங்களாழ்ச்ச ஆறரைக்குத் தானே?"

"ஆறே கால்" என்றார் மாமி. "ஆறரைன்னா பின்ன ஓடணும்."

அவர் தலையசைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். மேஜையில் இஸ்திரிப் பெட்டி காய்கிறது என்று இஸ்திரிக்காரர் பின்னாலேயே இறங்கினார். தம்பி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் நகர்ந்து, பழுப்புப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த மாத்திரை டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்க ஆரம்பித்தார்.